ஷோரூம்ல டெமோ காட்டுற ப்ரமோட்டர் வேலை எப்படி இருக்கும், சேரலாமா?

திருச்சியில ஒரு பெரிய வீட்டு உபயோகப் பொருள் கடையில இண்டக்ஷன் ஸ்டவ்வுக்கு ரெண்டு வருஷம் ப்ரமோட்டரா நின்னேன். நின்னேன்னுதான் சொல்லணும், வேலையில முக்கால்வாசி அதான். கம்பெனிக்காரங்க ஐ.எஸ்.டி.ன்னு சொல்வாங்க, அதாவது இன்-ஸ்டோர் டெமான்ஸ்ட்ரேட்டர், கடையிலயே நின்னு டெமோ காட்டுற ஆளு. டி-ஷர்ட் கம்பெனியோடது, சம்பளம் போடுறது ஏஜென்சி, திட்டுறது கடையோட ஃப்ளோர் மேனேஜர். சம்பளம் லேட்டானா மட்டும் யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியாது.

டெமோ ஈஸிதாங்க. ஸ்டவ் மேல நியூஸ்பேப்பரை விரிச்சு அதுமேல பாத்திரத்தை வச்சு தண்ணி கொதிக்க விடுவேன், பேப்பர் கருகாது, ஏன்னா காந்தப்புலத்துல சூடாகறது பாத்திரத்தோட அடி மட்டும்தான். உடனே கூட்டம் கூடிரும். ஆனா வேடிக்கை பாக்குற ஆளு வேற, பில் போடுற ஆளு வேற.

சேந்த புதுசுல ஒரு அக்காவுக்கு பேசிப் பேசியே வித்துட்டேன், மூணாம் நாள் கட்டைப்பையில அலுமினிய குக்கரோட வந்து நிக்கிறாங்க, "ஏன் தம்பி, இத வச்சா பீப் பீப்னு கத்துதே, சூடே ஆகலையே"ன்னு. அலுமினியம், பித்தளை, மண்சட்டி எதுவும் அதுல ஏறாது, எவர்சில்வர்லயே சிலதுதான் ஆகும். ரிட்டர்ன் ஆச்சு, என் இன்சென்டிவும் போச்சு. அதுலேர்ந்து பாக்கெட்ல ஒரு காந்தம் வச்சுக்கிட்டேன், வீட்டுப் பாத்திரத்தோட அடியில இது ஒட்டுதான்னு பாத்துட்டு வாங்க, ஒட்டுனா ஓகேன்னு சொல்லிருவேன். அடி தட்டையா இருந்தா இரும்பு தோசைக்கல்லு தாராளமா வேலை செய்யும்.

அடுத்து எல்லாரும் கேக்கறது கரண்ட் பில். 2000 வாட்ல முழு பவர்ல ஒரு மணி நேரம் ஓடுனா 2 யூனிட், தினம் அப்படி ஓடுனா ரெண்டு மாசத்துக்கு 120 யூனிட். அப்போ வீட்டுக்கு 100 யூனிட்தான் ஃப்ரீ. இதை ஒருத்தர்கிட்ட உள்ளபடியே சொல்லிட்டேன், அவர் பேசாம கேஸ் ஸ்டவ் பக்கம் போயிட்டாரு, பின்னாடி நின்ன சூப்பர்வைசர் அன்னைக்கு விட்ட டோஸ் இன்னும் காதுல இருக்கு. சாதாரணமா யாரும் முழு பவர்லயே சமைக்க மாட்டாங்க, அதையும் சேத்து சொல்லிருக்கணும், என் தப்புதான்.

ராத்திரி கடை மூடுறதுக்குள்ள அன்னைக்கு வித்த பீஸோட சீரியல் நம்பரை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடணும். ஒண்ணும் விக்காத நாள்ல பூஜ்யம்னு டைப் பண்றதுக்கு கையே வராது.

கால்வலி பத்தி சொல்லியே ஆகணும். கடையில வேலை செய்றவங்களுக்கு உக்கார இடம் தரணும்னு கேரளாவுல 2018லயும் நம்ம ஊர்ல 2021லயும் சட்டமே கொண்டுவந்தாங்க. எங்க கடையிலயும் ஸ்டூல் போட்டாங்க, பொய் சொல்லல, ஆனா நான் வேலைய விடுற வரைக்கும் அதுமேல மிக்ஸி அட்டைப்பெட்டிதான் உக்காந்திருந்துச்சு.

சேர்றதுன்னா பி.எஃப், இ.எஸ்.ஐ உண்டா, ரிட்டர்ன் ஆன பீஸுக்கு காசு பிடிப்பாங்களான்னு ஏஜென்சிகிட்ட முதல்லயே கேட்டுக்கோங்க. நான் கேக்கல.