கடைசி பஸ்ஸும் மாகாண சபையும்

ஐயா,

2024 பாராளுமன்றத் தேர்தலில் மட்டக்களப்பில் சுயேச்சையாக நின்று கட்டுக்காசையும் இழந்த ஒருவரைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். பஸ், பாதை (வாவியைக் கடக்கும் மிதவை), கோச்சி (ரயில்) என்ற மூன்றையும் விட்டால் அவருக்கு வேறு பேச்சில்லை. அரசியல் தீர்வு இல்லாமல் கிடக்கிற சனத்திடம் போய் பஸ் நேரம் பேசுவது எங்கட அரசியலைச் சிறுமைப்படுத்துவது இல்லையா? இப்படியானவர்களுக்கு விழுகிற வாக்கு தமிழ்ப் பிரதிநிதித்துவத்தையல்லவா உடைக்கிறது?

வாசகர் ஒருவர், செங்கலடி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் இரண்டாவது பயம் நியாயமானது. 2020இல் திகாமடுல்ல என்கிற அம்பாறைத் தேர்தல் மாவட்டத்தில் தமிழ் வாக்குகள் பிரிந்து, அம்பாறைத் தமிழர் ஒருவர்கூட நேரடியாகத் தெரிவாகவில்லை. மட்டக்களப்புக்கு இருப்பதே 5 ஆசனம். நூற்றுக்கு 5 வீதம் எடுக்காத குழுவின் வாக்குகள் ஆசனக் கணக்கிலேயே சேராது. அதனால்தான் அவருக்கு வாக்குப் போடுங்கள் என்று நான் எழுதவில்லை; அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்றே எழுதினேன்.

முதல் கேள்வியில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஒரு மாரியில் மட்டக்களப்பு வாவியின் குருமண்வெளித் துறையில் நின்றேன். காற்று பலம் என்று பாதையைக் கட்டிப்போட்டிருந்தார்கள். மண்டூர் ஆச்சி ஒருத்தி, கிளினிக் கொப்பியை சொப்பிங் பையில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு ஈரத்தில் குந்தியிருந்தா. காலையில் பாதையில் வந்தவ. வெல்லாவெளியால் சுற்றிப் போகலாமே என்றேன். “அதால போற பஸ் போயிற்று மனே, ஓட்டோக்காரன் கேக்கிற காசு எனக்கு ஒரு கிழமைச் சாப்பாடு” என்றா. அக்கரையில் அவட ஊர் கண்ணுக்குத் தெரிந்தது. பொழுதுபட்ட பிறகும் அவ அதே இடத்தில்தான் இருந்தா.

அந்த பஸ்ஸை ஓடச் சொல்லும் அதிகாரம் யாரிடம்? அந்த வேட்பாளர் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டது இதைத்தான். இ.போ.ச.வும் (இலங்கைப் போக்குவரத்துச் சபை) ரயிலும் கொழும்பின் கையில். ஆனால் மாகாணத்துக்குள் ஓடுகிற தனியார் பஸ்ஸுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது மாகாணத்தின் வேலை. 1987இல் வந்த அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தில் நமக்குக் கிடைத்த கொஞ்சத்தில் அதுவும் ஒன்று. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2012இல். 2017 செப்டெம்பரில் அதன் காலம் முடிந்தது. பிறகு தேர்தலே இல்லை. நிர்வாகம் ஆளுநரின் கீழ் நடக்கிறது. வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்குப் பின்னேர பஸ் வேண்டுமென்றால் சனம் தெரிவுசெய்த அமைச்சர் ஒருவரைப் பிடித்துக் கேட்க வழியில்லை. ஜனாதிபதி நியமித்தவருக்கு மனுத்தான் எழுதவேண்டும். பஸ் நேரம் பேசுகிறவர் அதிகாரப் பகிர்வைத்தான் பேசுகிறார் தம்பி. நம் பெரிய கட்சிகளின் மேடைகளில் அதிகாரப் பகிர்வு நிறையக் கேட்டிருக்கிறேன். அந்த ஆச்சியின் பஸ்ஸோடு அதை யாரும் முடிச்சுப் போட்டு நான் கேட்டதில்லை.

2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்ததைப் பற்றியும் அந்த வேட்பாளர் பேசினார். பாலம் வந்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டுப் பொம்பிளைக்கு, நேரத்துக்கு பஸ் ஓடினால்தானே அது பாலம் என்றார். பின்வரிசையில் இருந்த பெண்கள் தலையாட்டியதைப் பார்த்தேன்.

அவர் சொன்ன எல்லாமும் எனக்குச் சம்மதமில்லை. 1928இல் மட்டக்களப்புக்கு வந்த தண்டவாளம் இன்றைக்கும் அங்கேயே முடிகிறது. அதைக் கல்முனை தாண்டிப் பொத்துவில் வரை கொண்டுபோவேன் என்றார். ஆசை நல்லதுதான். ஆனால் அது மத்திய அரசு பெருங்கடன் எடுத்துச் செய்யவேண்டிய வேலை. தனி ஒருவராகப் பாராளுமன்றம் போகிறவர் அந்த வாக்குறுதியைக் கொடுத்திருக்கக் கூடாது. அதை அவரிடம் நேரிலேயே சொன்னேன்.

நீங்கள் செங்கலடிக்காரர். அங்கிருந்து பதுளை வீதியால் கரடியனாறுப் பக்கம் போகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டவர்கள் எப்படி வீடு போய்ச் சேருகிறார்கள் என்று சந்தியில் நின்று விசாரித்து எழுதுங்கள். அப்படியே வெளியிடுகிறேன்.