மூன்று விரல் உப்பு

ஐயா,

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் எனக்கு. ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். என் அறையில் சில்ஹெட்டைச் சேர்ந்த வங்கதேசத்து நண்பர் ஒருவர் தங்கியிருக்கிறார். இந்தியாவைவிட எங்கள் நாட்டில் வாழ்க்கை மேல் என்று ஒருநாள் சொன்னார். "அப்புறம் ஏன் உங்க ஆளுங்க வைத்தியத்துக்கு எங்க வேலூர்ல வந்து கையேந்தி நிக்கிறாங்க?" என்று கேட்டேன். கோபப்படாமல் மொபைலில் தேடிக் காட்டினார். சராசரி ஆயுள் அங்கே 74-க்கு மேல், நமக்கு 72. தனிநபர் வருமானத்திலும் நம்மை ஒருமுறை முந்தினார்களாம். டாக்காவில் ஆறெல்லாம் சாக்கடை என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். உண்மையில் எந்த நாட்டில் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது? (அவர் அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு. வேலூர் வர விசாவுக்குக் காத்திருக்கிறார்கள்.)

ச.

அன்புள்ள ச.,

ஆயுள் கணக்கு சரிதான். வருமானத்தை டாலரில் போடும் கணக்கை விடுங்கள், அது நாணயம் ஏறி இறங்குவதற்கேற்ப ஆடும் ஊஞ்சல். "நமக்கு 72" என்கிறீர்கள், அந்த "நமக்கு" யார்? 2020 கணக்கில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பவை இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. பெருமைக்குத் தமிழ்நாடு, சண்டைக்கு இந்தியா என்று வசதிப்படி மாறக் கூடாது.

அப்புறம் ஆறு. பாலாறு ஓடிய மாவட்டத்துக்காரர் பேசுகிற பேச்சா இது? தோல் கம்பெனிக் கழிவுக்காக 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு வேலூர் பெயரிலேயே இருக்கிறது, சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். டாக்காவின் ஹஸாரிபாக் தோல் கம்பெனிகளை 2017-ல் சாவாருக்கு மாற்றினார்கள், இப்போது அங்கே உள்ள ஆறு கெடுகிறது. அதே தோல், அதைப் பதனிடும் அதே குரோமியம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் "கையேந்தி" என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. யார் ஐயா கையேந்தினார்கள்? காந்தி ரோட்டு லாட்ஜில் நாள் வாடகை கொடுத்து, அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்துச் சமைத்து, ஸ்கேனுக்கும் மாத்திரைக்கும் ரூபாயை எண்ணி வைத்தவர்கள். கடைக்காரர்கள் வங்காள எழுத்தில் போர்டு வைத்தது இரக்கப்பட்டா? 2024 ஆகஸ்டில் அங்கே ஆட்சி கவிழ்ந்து விசா சுருங்கிய பிறகு எங்கள் தெருவில் டு லெட் பலகைகள் தொங்குகின்றன. யார் யாரை நம்பிப் பிழைத்தோம் என்று இப்போது தெரிகிறது.

எனக்கு இந்தக் கோபம் வரக் காரணம் ஒரு பெண். 1997 என்று நினைவு. தோட்டப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடி அறையை நோயாளிக் குடும்பங்களுக்கு விடுவோம். வங்கதேசத்தில் பரிசால் பக்கத்துக் கிராமத்திலிருந்து, கணவனின் சிறுநீரக வைத்தியத்துக்காக வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். அவள் தாளித்தால் கடுகெண்ணெய் வாசம் கீழே இறங்கும், அம்மா புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொள்வாள். அப்பா பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தவர், அவருடைய இந்தியும் அவளுடைய அரைகுறை இந்தியும்தான் இரண்டு குடும்பத்துக்கும் நடுவே பாலம்.

அக்கா மகனுக்கு அப்போது எட்டு மாதம். காலையிலிருந்து தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. அம்மா குடிக்கக் கொடுப்பதையே நிறுத்திவிட்டாள். "குடுத்தா இன்னும் போவும்டா." எம்.ஏ. படித்துவிட்டு நானும் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். உலகமே தேடி வரும் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஐயா! பிள்ளையின் அழுகை நின்றுவிட்டதைக் கேட்டுத்தான் அவள் மாடியிலிருந்து ஓடி வந்தாள். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். அது உடனே படியவில்லை. நேராகச் சமையலறைக்குள் போனாள். அம்மாவின் சமையலறைக்குள் அதுவரை வெளியாள் நுழைந்ததில்லை. ஆறிய வெந்நீர் அரை லிட்டர் அளவு, கைப்பிடி வெல்லம், மூன்று விரல் நுனியில் ஒரு சிட்டிகை உப்பு. கலக்கித் தன் நாக்கில் விட்டுப் பார்த்தாள். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது என்று அப்பா மொழிபெயர்த்தார். கரண்டி கரண்டியாக நடுராத்திரி வரை புகட்டினாள். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது பையன் டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தான்.

எங்கே படித்தாய் என்று கேட்டோம். அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு "ஆபா", அதாவது அக்கா, வீடு வீடாக வந்து அவள் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாளாம். பிராக் என்ற அந்த நாட்டுத் தொண்டு நிறுவனத்தின் வேலை அது என்று பின்னால் தெரிந்தது. 1980-லிருந்து பத்து வருஷத்தில் ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் ஏறி இறங்கியிருக்கிறார்கள். சில நாள் கழித்து இன்னொருவர் வந்து தாய்மாரைச் சோதிப்பார், தாய் எவ்வளவு நினைவு வைத்திருக்கிறாளோ அதற்கேற்பத்தான் சொல்லிக்கொடுத்தவளுக்குக் கூலி. கூலியை இப்படிக் கணக்கிட நம் ஊரில் யாருக்காவது தோன்றியிருக்குமா? உங்கள் நண்பர் காட்டிய 74-க்குள் அந்தச் சிட்டிகை உப்பும் கரைந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் காட்டினால் உங்களுக்கு எப்படிப் புரியும்?

அதே பெண் இரண்டு பிகா நிலத்தை விற்றுவிட்டுத்தான் வந்திருந்தாள். வங்கதேசத்தில் வைத்தியச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இன்றும் ஜனங்கள் மடியிலிருந்துதான் போகிறது. நம் பக்கம் 2009-லிருந்து காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, அப்படியும் உங்கள் குடியாத்தத்தில் ஆபரேஷன் என்றால் முதலில் அடகுக் கடைக்குத்தான் நடக்கிறார்கள். எந்த நாடு மேல் என்று என்னைக் கேட்டால், வீட்டில் ஒருவர் படுத்தால் எதை விற்பீர்கள் என்று நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள் என்பேன். அவருடைய அம்மாவுக்கு அந்தச் சிட்டிகை தெரியுமா என்றும் கேளுங்கள். கேட்பதற்கு முன் "கையேந்தி" என்றதற்கு மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

அவர் அப்பாவுக்கு விசா கிடைத்தால் எழுதுங்கள். காட்பாடியில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சொல்கிற லாட்ஜுக்கெல்லாம் போக வேண்டாம். எங்கள் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. கடுகெண்ணெய்க்குத் தடை இல்லை.