சீனக் கிராமத்து ஏழைப் பையன் லீ சுன்ஷின் உலகப் புகழ் பெற்ற பாலே கலைஞர் ஆனது அதிர்ஷ்டத்தாலா, உழைப்பாலா?

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். முழு சர்வீஸும் கரிசல்காட்டு அரசுப் பள்ளிகளிலேயே போயிற்று. பாலே என்கிற மேற்கத்திய மேடை நடனத்தின் நுணுக்கம் எனக்குத் தெரியாது. "பி.டி. வாத்தியாருக்கு இதில் என்ன பேச்சு" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். லீ சுன்ஷின் எழுதிய தன்வரலாற்றை என் மகள் வாங்கிக் கொடுத்தாள். அதில் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கேள்வியோடு "எங்கள் ஊரிலும் நன்றாக ஆடுகிற பையன் ஒருவன் இருக்கிறான்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். நீங்களும் ஆசிரியராக இருப்பீர்கள், இல்லாவிட்டால் அவனுக்கு மாமா, சித்தப்பா முறையாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

லீ 1961-ல் ஷான்டாங் மாகாணத்தில், சிங்டாவ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்யூன் (கூட்டுப் பண்ணை) கிராமத்தில் பிறந்தார். ஏழும் ஆண் பிள்ளைகள், இவர் ஆறாவது. நாட்டையே உலுக்கிய பஞ்சம் அப்போதுதான் ஓயத் தொடங்கியிருந்தது. வீட்டில் பெரும்பாலும் உலர்த்திய கிழங்குதான் சாப்பாடு. அவருடைய அப்பா கிணற்றுத் தவளை கதை சொல்வாராம். நம்மூரில் கிணற்றுத் தவளை என்றால் வெளியுலகம் தெரியாதவன். அந்த அப்பா சொன்ன தவளைக்கோ மேலே பெரிய உலகம் இருப்பது தெரிந்துவிடுகிறது, ஏறித்தான் வர முடியவில்லை.

1972-ல் அவருக்குப் பதினோரு வயது. அப்போது சீனாவை ஆண்ட மாவோவின் மனைவி ஜியாங் சிங்கின் ஏற்பாட்டில் பெய்ஜிங் நடனப் பள்ளிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க ஆட்கள் வந்தார்கள். வகுப்பில் ஒரு பெண் குழந்தையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கடைசி ஆள் வெளியே போகிற நேரத்தில் இவருடைய ஆசிரியர் ஒரு கணம் தயங்கி, அவர் தோளைத் தட்டி, "அந்தப் பையன் எப்படி?" என்று கைகாட்டினார். நான் சொன்ன பக்கம் இதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உழைப்பு, அதை யாரும் மறுக்க முடியாது. தேர்வின்போது காலைப் பிடித்து மேலே தூக்கினார்கள். தசை கிழிகிற வலியிலும் பையன் வாய் திறக்கவில்லை. பெய்ஜிங்கில் ஏழு வருஷம். விடியற்காலை ஐந்தரைக்கு மணி அடிக்கும். முதல் இரண்டு வருஷம் அவர் வகுப்பில் கடைசி வரிசை, வீட்டு ஏக்கம் வேறு. சியாவ் என்ற ஆசிரியர் வந்த பிறகுதான் அவருக்கு ஆட்டத்தில் பிடிப்பு வந்தது. கணுக்காலில் மணல் மூட்டை கட்டிக்கொண்டு படிக்கட்டில் குதித்து ஏறியிருக்கிறார், ராத்திரியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுழன்று பழகியிருக்கிறார். 1979-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பாலே என்ற நடனக் குழுவின் இயக்குநர் பென் ஸ்டீவன்சன் சீனாவுக்கு வந்தபோது இவரைப் பார்த்து அமெரிக்காவுக்கு அழைத்தார். 1981-ல் திரும்பிப் போக மறுத்ததற்காக ஹூஸ்டனில் இருந்த சீனத் துணைத் தூதரகத்தில் 21 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். வெளியே வந்தாலும் பல வருஷம் பெற்றோர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாட்டை விட்டு ஓடினவர் என்று எழுதுகிறவர்கள் அந்தப் பிரிவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது என் கதை. 1996-ல் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஒரு பையன், கிடை ஆடு மேய்ப்பவர் மகன். குறுவட்டப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். வெறுங்கால், கரிசல் மண், மழை பெய்து காய்ந்து பாளம் பாளமாக வெடித்த கிரவுண்டு. மற்ற பிள்ளைகள் முடித்துவிட்டுக் குப்புற விழுந்து கிடக்கிறார்கள். இவன் கோட்டைத் தாண்டி வந்து நின்று, உள்ளங்காலில் ஏறியிருந்த கருவேல முள்ளை நகத்தால் கெல்லிப் பிடுங்கிக்கொண்டே, "சார், இன்னும் ஒரு சுத்து இருக்கா?" என்று கேட்டான். மூச்சு வாங்கவே இல்லை. என் சர்வீஸில் அப்படி ஒரு பிள்ளையை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்தக் கோடையில் விளையாட்டு விடுதிக்கு மாவட்டத்தில் தேர்வு வைத்தார்கள். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஐந்து பெயர் எழுதினேன், இவன் ஐந்தாவது. படிவத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். அவர் கைநாட்டு வைப்பவர். அப்போது பதினான்கு கிலோமீட்டர் தள்ளி ஒருவர் புஞ்சையில் கிடை போட்டிருந்தார். பிறப்புச் சான்றிதழும் இல்லை, அதற்கு வி.ஏ.ஓ., தாலுகா ஆபீஸ் என்று அலைய வேண்டும். கையில் நாலு நாள்தான் இருந்தது. சைக்கிள் வாசலில் நின்றது. சித்திரை வெயில், திருத்தாத விடைத்தாள் ஒரு கட்டு. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெயரை அடித்துவிட்டு நாலு பேரை பஸ் ஏற்றிக்கொண்டு போனேன். ஒருவன் தேர்வானான், எனக்குப் பாராட்டும் கிடைத்தது. அடுத்த ஜூனில் அந்தப் பையன் பள்ளிக்கு வரவில்லை. திருப்பூருக்குப் போய்விட்டான் என்றார்கள்.

சீனாவில் நடந்ததை நம்மூர் நிலவரத்தோடு ஒப்பிடுவது சரியில்லை என்று சிலர் சொல்வார்கள். ஒரு வகையில் உண்மைதான். லீயைத் தேர்ந்தெடுத்தபோது குடும்பப் பின்னணியையும் தோண்டிப் பார்த்தார்கள். விவசாயி, தொழிலாளி, ராணுவ வீரன் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பது விதி. வறுமையே அங்கே தகுதியாக இருந்தது. வசதியான வீட்டில் பிறந்து, ஆடும் திறமை இருந்தும் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் அந்தச் சீனாவில் இருந்திருப்பார்கள். அந்த ஆட்சியை நான் மெச்சவில்லை. தோளைத் தட்டிய ஒரு கையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன். அந்த ஆசிரியருக்கும் பேசாமல் இருந்துவிட ஆயிரம் காரணம் இருந்திருக்கும். பெய்ஜிங்கிலிருந்து வந்த பெரிய ஆட்கள் "வேண்டாம்" என்று கிளம்பிய பிறகு, ஒரு கிராமத்து வாத்தியார் கூப்பிட்டு நிறுத்துவது சாதாரணமா?

இதைச் சொல்லாமல் போனால் எனக்கு ஆறாது: எங்கள் பீரியட் என்றைக்கு எங்கள் கையில் இருந்தது? டிசம்பர் வந்துவிட்டால் பி.டி. பீரியட் எல்லாம் கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாசக்கணக்கில் கிரவுண்டைக் கண்ணால் பார்க்க மாட்டார்கள். பந்து வாங்கக் காசு கேட்டால் போன வருஷப் பந்து என்னவாயிற்று என்று கேட்பார்கள். காலையில் பிரேயருக்கு வரிசை நிறுத்த, சுதந்திர தினத்துக்குக் கொடிக்கம்பம் நட, வருகிற அதிகாரிக்கு இளநீர் வெட்டிக் கொடுக்க பி.டி. சார் வேண்டும். பிள்ளை ஓடுகிறானா என்று பார்ப்பதற்கு மட்டும் நேரம் கிடையாது. இத்தனையும் உண்மை. ஆனாலும் அன்றைக்கு சைக்கிளை எடுக்காதது நான்தான். அதை இந்தக் குறைகளின் தலையில் கட்ட மாட்டேன்.

2014-ல் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வந்து "சார்" என்று கையைப் பிடித்தார். அவன்தான். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், இரண்டு பெண் குழந்தைகள். ஒல்லியாகவே இருந்தான். நின்ற நிலையில் எடையெல்லாம் முன்பாதத்தில், ஓட்டக்காரன் நிற்கிற மாதிரி. டீ வாங்கிக் கொடுத்தான். "நீங்க ஓட விட்டீங்கல்ல சார், அதெல்லாம் மறக்க முடியுமா" என்றான். அந்தப் பட்டியலில் அவன் பெயர் இருந்ததும் தெரியாது, நான் அடித்ததும் தெரியாது. நானும் சொல்லவில்லை. டீ ஆறும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தேன்.

லீ 1999-ல் மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். அதற்குள் ஹூஸ்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் முதன்மைக் கலைஞராக ஆடிவிட்டார். 2012-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பாலே என்ற நடனக் குழுவின் கலை இயக்குநரானார். பிறகு பதினோரு வருஷம் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் இடத்தில் அவரே இருந்தார். அதைப் படித்தபோது எனக்கு மனசு நிறைந்தது.

நீங்கள் கேட்டது அதிர்ஷ்டமா, உழைப்பா என்று. உழைப்பை உங்கள் ஊர்ப் பையன் பார்த்துக்கொள்வான். அவனிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். ஆதார் அட்டையில் இருக்கும் பெயரும் பள்ளியில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். அப்பா வெளியூரில் வேலை செய்தால், கையெழுத்து வாங்கப் போகிறவர் யார் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நான் இப்போதும் விளையாட்டு விடுதித் தேர்வு அறிவிப்பு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே, சுற்றியுள்ள மூன்று ஊர்ப் பள்ளிகளுக்கு ஸ்கூட்டரில் போய் இந்த மூன்றையும் சொல்லிவிட்டு வருகிறேன். போன வருஷம் இரண்டு பிள்ளைகளுக்கு தாலுகா ஆபீஸ் வரை நானே கூடப் போனேன்.