இத்தாலியில் வடக்கத்தியரும் தெற்கத்தியரும் குணத்தில் வேறுபடுவதற்குத் தட்பவெப்பம்தான் காரணமா?

"குளிரில் வளர்ந்த வடக்கத்தியர் இறுக்கமானவர்கள், வெயிலில் வளர்ந்த தெற்கத்தியர் கலகலப்பானவர்கள்." வடக்கு இத்தாலியின் டுரினில் படித்த காலத்தில் இதை இத்தாலியர்கள் வாயாலேயே கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது. தட்பவெப்பம் சாப்பாட்டை மாற்றுகிறது, சரி. குணத்துக்கும் அதுதான் காரணம் என்றால் கணக்கு உதைக்கிறது.

முதலில் சாப்பாடு. டுரின் இருக்கும் போ ஆற்றுச் சமவெளிக்கு வடக்கிலும் மேற்கிலும் ஆல்ப்ஸ், தெற்கில் அப்பெனைன் மலைத்தொடர். கிழக்கே கடல் பக்கம் மட்டும்தான் திறப்பு. அண்டாவுக்குள் வைத்து மூடிய மாதிரி காற்று அசையாது. குளிர்காலத்தில் எதிர்வீடு தெரியாத மூடுபனி, கோடையில் புழுக்கம். ஆல்ப்ஸில் பனி உருகி வரும் தண்ணீரில் வெர்செல்லி பக்கம் நெல் விளைகிறது. அதனால்தான் அங்கே ரிசோட்டோ என்ற அரிசிச் சாப்பாடும் வெண்ணெயும். டுரினிலிருந்து ஜெனோவாவுக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். மலைச் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் பனிமூட்டம், அந்தப் பக்கம் வெயில், கடல், ஆலிவ் மரங்கள். குளிர்காலத்தில் இதற்காகவே ஜெனோவா போகலாம்.

ஆனால் அந்த வெயிலில் வாழும் ஜெனோவாக்காரர்களுக்கு இத்தாலி முழுக்க என்ன பெயர் தெரியுமா? கஞ்சர்கள், வாய் திறக்காதவர்கள். வெயில் அங்கே ஏன் வேலை செய்யவில்லை?

இன்னொன்று சொல்கிறேன். வீட்டில் ஹீட்டர் எப்போது போடலாம் என்பதற்கு அங்கே சட்டமே உண்டு. 1993-ல் வந்த ஆணை, நாட்டைக் குளிரின் அளவுப்படி ஆறு மண்டலங்களாகப் பிரிக்கிறது. தெற்கே சிசிலித் தீவின் பாலெர்மோவில் டிசம்பர் 1-லிருந்து, ஒரு நாளைக்கு 8 மணி நேரம். மிலான், டுரினில் அக்டோபர் 15-லிருந்து, 14 மணி நேரம். அக்டோபர் முதல் வாரத்தில் ஸ்வெட்டரோடு ரேடியேட்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம், சில்லென்று இருக்கும். என் அறைத்தோழன் பொட்டென்சா ஊர்க்காரன். "தெற்கத்தியன், குளிர் தாங்கமாட்டான்" என்று எல்லோரும் அவனைக் கிண்டல் செய்வார்கள். பொட்டென்சா தெற்கில்தான் இருக்கிறது, ஆனால் சுமார் 800 மீட்டர் உயரத்தில். சட்டப்படி அதுவும் மிலான் மண்டலம்தான்! "எங்க ஊர்ப் பனியைப் பார்த்திருக்கியாடா?" என்று அவன் எகிறுவான்.

என்னைக் கேட்டால், வானிலையைவிட வரலாறுதான் அதிகம் பேசுகிறது. இத்தாலி ஒரே நாடானது 1861-ல்தான். அதுவரை ஆளுக்கொரு அரசு. தெற்கே நேப்பிள்ஸ் அரசும் பெருநிலக்கிழார்களும், வடக்கே தனித்தனியாக ஆண்டு பழகிய நகரங்கள். 1950, 60-களில் தெற்கிலிருந்து லட்சக்கணக்கானோர் ஃபியட் போன்ற ஆலைகளுக்காக வடக்கே போனபோது, "தெற்கத்தியருக்கு வீடு வாடகைக்கு இல்லை" என்று டுரினில் அட்டை தொங்கியது. வந்தவர்களை 'தெர்ரோனி', அதாவது பட்டிக்காட்டான்கள் என்று இளக்காரம் செய்தார்கள். பதிலுக்கு அவர்கள் கொடுத்த பட்டம் 'பொலெந்தோனி', சோளக்களி தின்னிகள். இன்று டுரினில் யாரைக் கேட்டாலும் ஒரு பாட்டியாவது தெற்கே கலாப்ரியாவிலோ பூலியாவிலோ பிறந்திருப்பார்.

அதோடு, நிஜமான பகை பக்கத்து ஊரோடுதான். லிவோர்னோவும் பிசாவும் 20 கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே கடற்காற்றை வாங்கும் ஊர்கள். "வாசலில் பிசாக்காரன் நிற்பதைவிட வீட்டில் ஒரு சாவு விழுவது மேல்" என்பது லிவோர்னோக்காரர்களின் பழமொழி. பிசாக்காரர்களின் பதில் மரியாதையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வெயில்தான் குணம் என்று இன்னும் யாராவது சொன்னால் போல்சானோவைக் காட்டுங்கள். நாட்டின் வடகோடி, ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கு. ஜூலையில் சில நாட்கள் ரோமைவிட அதிகமாகக் கொளுத்தும். ஆனால் முதல் உலகப் போர் முடியும்வரை ஆஸ்திரியாவோடு இருந்த அந்த மாகாணத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்கு ஜெர்மன்தான் தாய்மொழி. இத்தாலியர் குணம் எப்படி என்று அவர்களிடம் கேட்டால், அதை இத்தாலியர்களிடம் போய்க் கேளுங்கள் என்பார்கள்.