ஒரு பக்க மார்பகம் வளரவில்லை: கல்யாணத்துக்கு முன் அறுவை சிகிச்சை செய்யலாமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 19. வயதுக்கு வந்ததிலிருந்தே இடது மார்பகம் சிறுத்து, குழல்போல் நீண்டு, காம்பைச் சுற்றிய கருவட்டம் மட்டும் பெரிதாக இருக்கிறது. உள்ளாடைக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டுதான் கல்லூரிக்குப் போகிறாள். தை மாதம் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிறோம். அதற்குள் அறுவை சிகிச்சை செய்துவிடலாமா? பிறகு பால் கொடுக்க முடியுமா?
- ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால், மார்பகத்தின் அடிப்பகுதி பிறவியிலேயே குறுகிய அமைப்பாகத் தோன்றுகிறது. பருவ வயதில் விரிந்துகொடுக்க வேண்டிய திசுவளையம் இறுகியே நின்றுவிடுவதால், சுருக்குப்பையின் வாய்வழியே பிதுங்குவதுபோலச் சுரப்பித் திசு கருவட்டத்துக்குள் தள்ளப்படுகிறது. இது நோயன்று.

ஆயினும் நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்வதற்கில்லை. மருத்துவர் உங்கள் மகளை இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி அழுத்தச் சொல்லி, அக்குளின் முன்மடிப்பைத் தொட்டுப் பார்ப்பார். அங்கே தசை விறைக்காவிட்டால், 1841இல் ஆல்ஃபிரட் போலந்து விவரித்த, மார்புத் தசையின் ஒரு பகுதியே இல்லாத பிறவிக் குறையாக இருக்கலாம். அந்தப் பக்கத்துக் கைவிரல்கள் குட்டையாகவோ ஒட்டியோ இருக்கின்றனவா என்றும் கவனிப்பார். அதற்கான சிகிச்சை வேறு. சிலருக்கு முதுகுத் தசையை முன்பக்கம் திருப்பிப் பொருத்த வேண்டியிருக்கும்.

அடிப்பகுதி குறுகியதுதான் என்றால், கருவட்டத்தின் ஓரமாகக் கீறி, இறுகிய வளையத்தை உட்புறமாகப் பல இடங்களில் வெட்டித் தளர்த்தி, குறையும் அளவைச் சிலிக்கான் இம்பிளான்ட்டாலோ (உள்ளே வைக்கும் செயற்கைப் பை) வயிறு, தொடைகளிலிருந்து எடுத்த சொந்தக் கொழுப்பாலோ நிரப்புவார்கள். கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துவிடும் என்பதால் சில மாதங்கள் கழித்து மீண்டும் செலுத்த நேரலாம். இம்பிளான்ட்டோ ஆயுள் முழுவதற்குமானதன்று. சுற்றிலும் தழும்பு இறுகினாலோ உறை கிழிந்தாலோ மாற்ற வேண்டும், ஆகவே 19 வயதில் அதை வைத்துக்கொள்பவர் பின்னாளில் இன்னோர் அறுவைக்கும் மனத்தளவில் தயாராக இருக்க வேண்டும். இரு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல் அமையும் என்று எவரேனும் உறுதி கூறினால் நம்ப வேண்டாம்.

பாலைப் பொறுத்தவரை, இவ்வமைப்பில் சுரப்பித் திசுவே குறைவு என்பதால் அறுவை செய்யாவிட்டாலும் அந்தப் பக்கம் பால் குறையலாம். கீறலில் சில பால்நாளங்கள் அறுபடவும் கூடும். வலப்பக்கம் இயல்பாக இருந்தால் பெரும்பாலும் அதுவே குழந்தைக்குப் போதும்.

வளர்ச்சி பொதுவாக 18 வயதையொட்டி நின்றுவிடும் என்பதால் வயது தடையில்லை. தைக்குள் முடிக்க வேண்டும் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. வீக்கம் வடிந்து வடிவம் நிலைக்கவே பல மாதங்கள் ஆகும். மேலும், உங்கள் மகள் இதை விரும்புகிறாளா என்று நீங்கள் எழுதவில்லை, முடிவு அவளுடையது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் காட்டலாம். குடும்பத்தில் யாருக்கேனும் மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால், அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.