வார ஓய்வு: கடிதம்

அன்புள்ள அக்கா,

என் கணவர் தென் மாவட்டத்தில் ஒரு ஸ்டேஷனில் முதல்நிலைக் காவலர். வார ஓய்வுக்கு அரசாணையே இருக்கிறது. போன மாதம் அவருக்குக் கிடைத்தது ஒரே நாள், அன்றைக்கும் மத்தியானம் சாப்பிட உட்காரும்போது போன் வந்துவிட்டது. போலீஸ் என்றாலே மாமூல், அடி என்றுதான் எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் நடப்பதை யார் எழுதுவது?

ஒரு காவலரின் மனைவி

அன்புள்ள தங்கைக்கு,

மாமூலையும் லாக்கப் அடியையும் எழுதத்தான் வேண்டும், அதை விடமாட்டேன். ஆனால் உங்கள் கோபம் நியாயமானது.

முன்பு நான் குடியிருந்த வீட்டு மாடியில் ஒரு ஏட்டு இருந்தார். திருவிழா பந்தோபஸ்து முடிந்து ராத்திரி இரண்டு மணிக்கு வந்து, படிக்கட்டிலேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுவார், சாக்ஸ் தோலோடு ஒட்டியிருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக உரித்து எடுப்பார். காலை ஏழு மணிக்கு ரோல்கால், அதாவது வருகைக் கணக்கெடுப்பு. 2021-இல் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று அரசாணை வந்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

அதே வருடம்தான், முதல்வர் போகும் வழியில் பெண் போலீஸாரைச் சாலையோரம் நிறுத்த வேண்டாம் என்ற உத்தரவும் வந்தது. கழிப்பறைக்குப் போக வழியில்லை என்று தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நின்றவர்கள் அவர்கள். தமிழ்நாட்டில் பெண்களைப் போலீஸ் வேலைக்கு எடுத்தது 1973-இல். அவர்களுக்கு ரோல்காலை ஏழிலிருந்து எட்டு மணிக்கு மாற்றும் அறிவிப்பு வந்தது 2023-இல்.

சரி, உங்கள் வீட்டுக்கு அந்த அரசாணை ஏன் வந்து சேரவில்லை? ஆள் பற்றாக்குறை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கேட்க வழியில்லாதது. வாத்தியாரும் பஸ் டிரைவரும் வி.ஏ.ஓ.வும் சங்கம் வைத்துக் கேட்கிறார்கள். போலீஸ்காரர் அனுமதி வாங்காமல் சங்கத்தில் சேரமுடியாது, 1966-ஆம் வருடத்துச் சட்டம் தடுக்கிறது. இன்ஸ்பெக்டர் நல்ல மூடில் இருக்கிறாரா என்று பார்த்துத் தனியாளாகப் போய் லீவு கேட்கவேண்டும், இரண்டு தடவை அழுத்திக் கேட்டால் மெமோ வருமோ என்ற பயம் வேறு. 2018-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையோடு சேர்ந்து போலீஸாருக்கு மனநலப் பயிற்சி தொடங்கினார்கள். நல்ல காரியம்தான், ஆனால் ஓய்வு நாளில் வரும் போனை அது நிறுத்தாதே.

யாருக்கு என்றைக்கு ஓய்வு என்று ஸ்டேஷன் போர்டில் எழுதிப் போடட்டும். ரத்து செய்தால் யார், எதற்காகச் செய்தார் என்று கையெழுத்தோடு பதிவு செய்யட்டும், அதை எஸ்.பி. மாதாமாதம் பார்க்கட்டும். இதற்குப் புது ஆள் எடுக்கவேண்டியதில்லை.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். அவருக்கு ஓய்வு பறிபோன நாட்களை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள், மூன்று மாதம் கழித்து எனக்கு அனுப்புங்கள். ஸ்டேஷன் பெயர் வேண்டாம், தேதிகள் போதும். அவற்றை அப்படியே போடுகிறேன்.