‘அண்ணா, உங்களுக்குச் சரியாகிடுச்சா?’

அன்புள்ள மேடம்,

பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறோம். வீட்டில் தமிழ், பஸ் போர்டில் மலையாளம். எனக்கு 34 வயது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில் கட்டிங் மெஷினும் ஸ்க்ரீன் பிரிண்டிங்கும் பார்க்கிறேன். எங்களுக்கு ஆவணி, அவர்களுக்குச் சிங்கம். அந்த மாதம் வந்துவிட்டால் இரண்டு மொழியிலும் பத்திரிகை அடித்து மாளாது.

எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். பத்தாம் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா இல்லை. அக்காவைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. நானும் அம்மாவும்தான்.

திருச்சூரில் எனக்குச் சில நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்ஜிபிடி இளைஞர்களுக்காக அவ்வப்போது ஒரு கூட்டம் நடத்துகிறார்கள். அங்கே வரும் பிள்ளைகளுக்குக் கையால் செய்த வாழ்த்து அட்டை மாதிரி ஒன்று கொடுத்தால் நன்றாக இருக்குமே என்று பேச்சு வந்தது. அச்சகத்தில் நல்ல நல்ல போர்டெல்லாம் வேஸ்ட் கட்டிங்காகச் சாக்கில் போகிறது. முதலாளியிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். ராத்திரி உட்கார்ந்து வெட்டி, மடித்து, வண்ணம் தீட்டி, வானவில் போட்டு, உள்ளே ‘தைரியமாக இரு, எல்லாம் சரியாகிவிடும்’ என்று எழுதி அனுப்பினேன். இந்த வேலையில் இருக்கும் நிம்மதி எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

போன கூட்டத்தில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன் துண்டுச் சீட்டில் எழுதி நண்பரிடம் கொடுத்திருக்கிறான். ‘அண்ணா, கார்டு சூப்பர். எல்லாம் சரியாகிடும்னு எழுதியிருக்கீங்க. உங்களுக்குச் சரியாகிடுச்சா? நீங்க சந்தோஷமா இருக்கீங்களா?’

அதைப் படித்ததிலிருந்து ஒரு அட்டைகூட வெட்ட முடியவில்லை. ஊரில் மூச்சுவிடாமல் இருக்கிற நான் இன்னொரு பிள்ளைக்குத் தைரியம் சொல்வது ஏமாற்று வேலை இல்லையா?

இதில் இன்னொன்று. அம்மா அந்த அட்டைகளைப் பார்த்துவிட்டார். ‘யாருக்குடா இவ்வளவு அழகா?’ என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். யாரோ பெண் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இப்போது ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார். பெண் யாரென்று நான் சொல்லாவிட்டால், தை பிறந்ததும் அவரே பெண் பார்க்கப் போகிறாராம். அந்தப் பையனுக்கு நான் என்ன பதில் எழுதுவது?

— பெயர் வேண்டாம், சித்தூர் தாலுகா

அன்புள்ள தம்பி,

அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அட்டையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போகாமல், படித்து, யோசித்து, எழுதினவரையே கேட்டிருக்கிறான் பாருங்கள். உண்மையைச் சொல்லக்கூடிய ஆள் என்று உங்களைப் பற்றி அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அட்டை வேலையை நிறுத்த வேண்டாம். உள்ளே எழுதும் வாசகத்தை மட்டும் மாற்றுங்கள்.

‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பது நல்ல மனதோடு சொல்லப்படுவதுதான். 2010-ல் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் சிலர் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டபோது, டான் சாவேஜ் என்ற பத்திரிகையாளரும் அவருடைய துணைவர் டெரி மில்லரும் இதே பொருளில் ஒரு வீடியோ வெளியிட்டார்கள். தங்கள் பள்ளி நாட்கள் எப்படி இருந்தன, இப்போது எப்படி இருக்கிறோம் என்று பேசினார்கள். அதைப் பார்த்து ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். அவர்களுக்கு அந்தச் சொல் பொருந்தியதற்குக் காரணம், பின்னால் அவர்களுடைய வாழ்க்கை இருந்தது. கதையை விட்டுவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் அட்டையில் எழுதினால், பிளஸ் டூ பையன் ‘எப்போ?’ என்று கேட்கத்தான் செய்வான். நானாக இருந்தாலும் கேட்பேன்.

சரி, வேறு என்ன எழுதலாம்? இங்கே ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது. சான்பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர். மனச்சோர்வாலும் தற்கொலை எண்ணத்தாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, வீடு திரும்பிய பிறகு ‘சிகிச்சை வேண்டாம்’ என்று விலகிவிட்ட 843 பேரை எடுத்துக்கொண்டார். அவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஐந்து வருடம் சின்னச் சின்னக் கடிதங்கள் போட்டார்கள். இங்கிருந்து போய்க் கொஞ்ச நாளாகிவிட்டது, நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், தோன்றினால் ஒரு வரி போடுங்கள் என்கிற அளவில்தான். அறிவுரை கிடையாது, ‘சிகிச்சைக்கு வா’ என்றும் கிடையாது. கடிதம் போனவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது, முதல் இரண்டு வருடங்களில் தெளிவாகவே. 2001-ல் இது வெளியானது. அவர்கள் வேறு ஆட்கள், வேறு சூழ்நிலை. உங்கள் அட்டைக்கு அதே பலன் இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எதையும் எதிர்பார்க்காத நாலு வரிக்கு என்ன கனம் என்று அதைப் படித்த பிறகு எனக்குப் புரிந்தது.

அதனால் இப்படி எழுதிப் பாருங்கள்: ‘உன்னை எனக்குத் தெரியாது. நானும் உன்னைப் போல ஒருவன். இதை ராத்திரி உட்கார்ந்து உனக்காக வெட்டினேன். பதில் எழுத வேண்டும் என்றில்லை. சாப்பிட்டாயா?’ கடைசிக் கேள்வி கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரியலாம். நம் வீடுகளில் பாசம் அந்தக் கேள்வியாகத்தானே வருகிறது, இருக்கட்டும்.

‘தைரியமாக இரு’ என்பதையும் எடுத்துவிடுங்கள். அதை ‘வீட்டில் போய்ச் சொல்லிவிடு’ என்று படித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. படிப்புக்கும் சோற்றுக்கும் அப்பா அம்மாவை நம்பி இருக்கிற வயது. சொன்ன ராத்திரியே போனைப் பிடுங்கி, படிப்பை நிறுத்தி, மந்திரவாதியிடம் கூட்டிப் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எப்போது, யாரிடம் சொல்வது என்பது அந்தப் பிள்ளை தானே எடுக்க வேண்டிய முடிவு. அதை நம் அட்டை எடுக்கக் கூடாது. அதேபோல் சட்டம் நம் பக்கம் வந்துவிட்டது என்று ஒரேயடியாக எழுதிவிடாதீர்கள். 2018 செப்டம்பர் 6 அன்று ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் தளர்த்தியது, அதனால் இப்போது இது குற்றமில்லை. ஆனால் 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம் ஒரே பாலினத்தவரின் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. பத்திரிகை அச்சடிக்கும் உங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்தேன்.

வானவில் விஷயம். பள்ளியில் சொல்லித் தந்த ஏழு நிறம் வேறு, எல்ஜிபிடி மக்களின் அடையாளமான வானவில் கொடியின் ஆறு பட்டை வேறு. கில்பர்ட் பேக்கர் 1978-ல் முதலில் எட்டு நிறத்தில் செய்தார், பிறகுதான் ஆறாகக் குறைந்தது. இப்போது டிவி பார்க்கும் அப்பா அம்மா பலருக்கும் அது என்ன கொடி என்று தெரியும். அட்டை வீட்டுக்குப் போகும், புத்தகப் பையை யாராவது திறப்பார்கள். அதனால் இரண்டு வகையாகச் செய்து வையுங்கள். கொடி போட்டது ஒன்று, பனைமரமோ கோலமோ போட்டது ஒன்று. எதை எடுப்பது என்பதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். வேஸ்ட் கட்டிங் நீள நீளமாகத்தானே வரும்? புத்தகத்தில் வைக்கும் அடையாளச் சீட்டாகவே செய்யலாம், பாடப் புத்தகத்துக்குள் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பின்பக்கம் சின்னதாக 14416 என்று போடுங்கள். டெலி மானஸ் எண், மத்திய அரசு 2022-ல் தொடங்கியது, இலவசம், எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். பொதுவான மனநல உதவி எண் என்பதால் அதைப் பார்த்து யாரும் எதையும் ஊகிக்க முடியாது. உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தமிழைப் பேசுவார்கள், வாசிப்பது மலையாளமாக இருக்கும். அதனால் ஒரே அட்டையில் இரண்டையும் எழுதிவிடுங்கள். இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பையன். ‘உங்களுக்குச் சரியாகிடுச்சா’ என்று ஒரு பிள்ளை கேட்டால், தனக்குச் சரியாகுமா என்று கேட்கிறது. முதலில் திருச்சூர் நண்பரிடம் சொல்லி, அவன் எப்படி இருக்கிறான் என்று நேரில் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். கடிதப் போக்குவரத்து எப்போதும் அந்த நண்பர் வழியாகவே இருக்கட்டும். போன் நம்பர் கொடுக்கவோ தனியாகச் சந்திக்கவோ வேண்டாம். பதினெட்டு வயது ஆகாத பையன், அவனுக்கும் அதுதான் பாதுகாப்பு, உங்களுக்கும் அதுதான். பதில் இந்த மாதிரி இருக்கலாம்:

‘தம்பி, சில நாள் சந்தோஷமாக இருக்கிறேன், சில நாள் இல்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. உன் வயதில் என்னைப் போல இன்னொருத்தர் இருக்கிறார் என்றே எனக்குத் தெரியாது. இப்போது சேர்ந்து டீ குடிக்க நாலு பேர் இருக்கிறார்கள். உனக்கு அட்டை வெட்டும்போது நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன்.’

உங்கள் கடிதத்தில் இருப்பதைத்தான் திருப்பி எழுதியிருக்கிறேன். அவனுக்கு அது போதும். உங்கள் மற்ற கஷ்டங்களை அவன் தலையில் வைக்க வேண்டாம், அதற்கு உங்கள் வயதில் ஆள் பிடியுங்கள். அமெரிக்காவில் ட்ரெவர் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், தன்னை ஏற்றுக்கொள்ளும் பெரியவர் ஒருவராவது இருக்கும் எல்ஜிபிடி இளைஞர்கள் தற்கொலைக்கு முயன்றதாகச் சொல்வது 40 சதவீதம் குறைவாக இருந்தது. அந்தப் பெரியவர் ஊரறியத் தன்னைப் பற்றிச் சொன்னவராக இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. அம்மாவோடு ஒரே வீட்டில், எல்லோரும் எல்லோரையும் தெரிந்த ஊரில், வேலையையும் காப்பாற்றிக்கொண்டு வாய் மூடி இருப்பதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் பெண் பார்க்கும் படலத்தில் வாய் மூடி இருப்பது வேறு. அங்கே மூன்றாவதாக ஒரு பெண் வருகிறாள், அவளுக்கு எதுவும் தெரியாது. அதனால் தை வரை காத்திருக்காதீர்கள். ‘அந்த அட்டை பெண்ணுக்கு இல்லைம்மா, திருச்சூரில் சில பிள்ளைகளுக்கு. எனக்குக் கல்யாணம் வேண்டாம்’ என்று இந்த மாதமே சொல்லுங்கள். காரணத்தை இன்னொரு நாள் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். அழுவார், அக்காவைப் போனில் கூப்பிடுவார். அக்கா எப்படிப்பட்டவர் என்று நீங்கள் எழுதவில்லை. நம்பிக்கையானவர் என்றால் முதலில் அவரிடம் பேசிவிட்டு அம்மாவிடம் போவது நல்லது.

பிறகு யாராவது ‘கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் இருக்கிறார், மாற்றிவிடுவார்’ என்று கிளம்புவார்கள். உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப் பட்டியலிலிருந்து 1990 மே 17 அன்றே எடுத்துவிட்டது. மாற்றுகிறேன் என்று சிகிச்சை செய்வது மருத்துவர்களுக்குத் தொழில் ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்திருக்கிறது. ஆனால் அம்மாவின் மனதுக்காக அவரை ஒரு ஆலோசகரிடம் கூட்டிப் போவது நல்ல காரியம்தான். போவதற்கு முன் நீங்களே போன் செய்து, ‘மகனுக்கு ஆண்களைப் பிடிக்கும் என்று ஒரு அம்மா வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். ‘மகனைக் கூட்டி வாருங்கள், சரிசெய்துவிடலாம்’ என்று பதில் வந்தால் போனை வைத்துவிட்டு அடுத்தவரைத் தேடுங்கள். ‘அம்மாவைக் கூட்டி வாருங்கள், பேசலாம்’ என்றால் அங்கே போங்கள்.